மாறுபாடு: ஆராய்ச்சியிலும் உடலியக்கத்திலும்

விஞ்ஞானம் என்றவுடன் நம்முட் பலருக்கு நினைவில் எழுவது மாறாத விதி. எறிந்த கல் மண்ணிலே வீழ்கின்றது. காந்த ஊசி வடக்கை நோக்குகின்றது. ஆகவே மாறாமையே உண்மையின் இலக்கணம் எனவும், மாறுபாடு என்பது அளப்பவனது கவனக்குறைவினாலோ கருவியின் பழுதினாலோ நேரும் குற்றம் எனவும் எண்ணுவது வழக்கமாகிவிட்டது. இவ்வெண்ணம் பாடசாலைப் பரிசோதனைச் சாலையிலேயே வேரூன்றுகின்றது. ஊசலொன்றின் இருபது அலைவுகளுக்குச் செல்லும் நேரத்தை மும்முறை அளக்குமாறு ஒரு மாணவனைப் பணித்தால், அவன் 28.4, 28.9, 28.5 செக்கன் எனப் பெறுவான். கொப்பியிலோ மூன்றிடத்தும் 28.5 என்றே எழுதப்பட்டிருக்கும். அவன் பொய்யன் அல்லன், ஒழுங்கை விரும்புகின்றவன். ஆயினும் அவன் அழித்த இலக்கங்களே அந்த அளவீட்டில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை நமக்குச் சொல்லக்கூடியனவாக இருந்தன. மூன்றும் ஒன்றாகவே நிற்கும் கொப்பியிலிருந்து ஊசலின் காலத்தை அறியலாம். அக்காலம் எந்த எல்லைக்குள் மெய்யானது என்பதை அறிய முடியாது.

மாறுபாட்டைக் குற்றமாகக் கொண்டமையால் விளைந்த தீங்கு கொப்பியோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வுக்கூடத்தில் அரச வானியலாளராக இருந்தவர் நெவில் மஸ்கலின். அவரிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர் டேவிட் கின்னெபுறூக். தொலைநோக்கியினுள்ளே இழுக்கப்பட்ட நுண்கம்பியை விண்மீன் கடக்குங் கணத்தை, மணிக்கூட்டின் ஒலியைச் செவியால் எண்ணிக்கொண்டே கண்ணாற் கணித்து, செக்கனின் பத்திலொரு பங்குவரை குறித்தல் அக்கால முறை. கின்னெபுறூக் குறித்த நேரங்கள் மஸ்கலின் குறித்தவற்றிலும் பிந்தியிருந்தன. முதலில் அரைச் செக்கனாயிருந்த இடைவெளி பின்னர் ஏறத்தாழ 0.8 செக்கனாக வளர்ந்தது. எச்சரித்தும் அவர் திருந்தாமையால் 1796ஆம் ஆண்டில் பணியினின்று நீக்கப்பட்டார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளின் பின் செருமானிய வானியலாளர் பெசெல் இக்குறிப்பின்மீது கருத்தூன்றித் தம்மையும் தம்மொத்த வல்லுநரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். கைதேர்ந்த இருவரிடையேகூட ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாடு நிலையாக இருந்தது. கண்ணும் செவியும் ஒருங்கே தொழிற்படும் வகையில் ஆளுக்காள் வேறுபாடு உண்டு என்பதும், அது சோம்பலோ பிழையோ அன்று என்பதும் அப்பொழுதுதான் புலனாயின. வானியலில் இதனை 'ஆட்சமன்பாடு' என்னும் கருத்துப்படப் பெயரிட்டனர். மனித மனத்தின் வேகத்தை அளக்கும் உளவியற் பரிசோதனைகள் பின்னாளில் இதன்வழியே தோன்றின. மஸ்கலினை நியமமாகவும் கின்னெபுறூக்கை வழுவாகவும் கொண்டது பதவியேயன்றி விஞ்ஞானம் அன்று.

மாறுபாடு யாவும் ஒருதன்மையன என்று கொள்வதும் தவறு. றேலி பிரபு நைதரசனின் அடர்த்தியை அளந்தபொழுது, வளியிலிருந்து பெற்ற நைதரசன், இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனிலும் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு கூடிய நிறையுடையதாயிருந்தது. இவ்வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் ஒரே வகை வாயுவைத் திரும்பத் திரும்ப நிறுத்தபொழுது தமக்கு நேரும் சிதறல் இதனினும் மிகமிகச் சிறிதென்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே இது சிதறல் அன்று, செய்தி என்று துணிந்தார். 1894இல் ஆகன் என்னும் புதிய வாயு கண்டுபிடிக்கப்பட்டது. தம் அளவீடுகளின் இயல்பான சிதறலை அறியாதவன் புதுமை எதிரே வந்து நிற்கும்போதும் அதனை அடையாளங் காணமாட்டான்.

இனி நம் கண்முன் உள்ள ஒன்றை நோக்குவோம். நாவிதன்வெளிப் பிரிவிலுள்ள சொறிக்கல்முனையைச் சூழ்ந்து கிடப்பது நெல்வயல். பெரும்போகத்தில் வேளாண்மை விளைந்து நிற்குங்கால் வீதியிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரே நிறமுடைய விரிப்பாகத் தோன்றும். வரம்பிலே இறங்கி நடந்தவனுக்கோ அவ்வாறு தோன்றாது. வக்கடைக்கு அருகே பயிர் செழித்திருக்கும். மேட்டுப்பாங்கான மூலையிற் கதிர் பதராகும். உவர் ஏறிய பக்கம் மஞ்சளிக்கும். மரநிழல் விழும் ஓரம் பிந்தி விளையும். யானை புகுந்த வழியில் ஒன்றுமே இராது. ஒரே போடியாரின் ஒரே வரவைக்குள் இத்தனை வேறுபாடு. அவ்வாறாயின், 'இவ்வாண்டு இந்த வட்டையில் ஏக்கருக்கு எத்தனை புசல் விளைந்தது?' என்ற வினாவுக்கு விடை கூறுவது எங்ஙனம்? அரிசி இறக்குமதியும், மானியமும், வறட்சி நிவாரணமும் இவ்விடையைப் பற்றியே தீர்மானிக்கப்படுதலின் இது வீண் வினா அன்று.

பழைய முறை, அதிகாரியொருவர் வயலைப் பார்த்துக் 'பதினாறணா விளைச்சலில் பன்னிரண்டணா' எனக் கண்மதிப்பாகச் சொல்லுதல். இந்திய நாட்டிற் பன்னெடுங்காலம் இம்முறையே நிலவியது. வரி குறைய வேண்டுமென்று விரும்புவோர் நடுவே நின்று மதிப்பவரது கணிப்பு எப்பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிகார் ஒறிசா மாகாணத்திற் பணியாற்றிய ஹபக் என்னும் ஆட்சியாளர் இதனை விடுத்து, எழுமாற்றாகத் தெரிந்த இடங்களில் மிகச் சிறிய முக்கோணத் துண்டுகளை அறுவடை செய்து நிறுத்துப் பார்த்து, 1927இல் அம்முறையை வெளியிட்டார். எழுமாற்று என்பது, விரும்பியவாறு தெரிதல் அன்று. விருப்பத்துக்கு இடமில்லாதவாறு திருவுளச்சீட்டுப் போலத் தெரிதல். எவ்விடமும் தெரியப்படுவதற்குச் சமமான வாய்ப்புடையதாதல் வேண்டும்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் றொதாம்ஸ்டெட் விவசாய நிலையத்தில் இதனையொத்த சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தவர் ஆர். ஏ. பிஷர். 1843 தொடக்கம் உரப் பரிசோதனைகள் நடந்து, குறிப்பேடுகள் குவிந்து கிடந்த அந்நிலையத்தில் அவர் 1919இற் சேர்ந்தார். ஒரு துண்டு நிலத்துக்கு உரமிட்டு அடுத்த துண்டுக்கு இடாது விட்டால், விளைவின் வேறுபாடு உரத்தால் வந்ததா, நிலத்தின் இயல்பான வேறுபாட்டால் வந்ததா என்று பிரித்தறிவது எவ்வாறு? அவர் கண்ட வழி, மாறுபாட்டை ஒழிப்பதன்று, அதனைக் கூறுபடுத்துவது. ஒவ்வொரு உரத்தையும் பல துண்டுகளில் இடுக. எத்துண்டுக்கு எவ்வுரம் என்பதை எழுமாற்றாக நிர்ணயிக்க. அதன்பின் மொத்த மாறுபாட்டை உரத்தின் பங்கு, நிலப்பகுதியின் பங்கு, எஞ்சிய சிதறலின் பங்கு எனப் பிரிக்க. மாறற்றிறன் என நாம் இன்று வழங்கும் அளவுக்கு அவரே 1918இல் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். எஞ்சிய சிதறலே உரைகல். அதனோடு ஒப்பிட்டே உரத்தின் பயன் மெய்யோ பொய்யோ எனத் தீர்ப்புச் செய்கின்றோம். ஒரே துண்டில் ஒரே முறை செய்து காட்டப்படும் அற்புத விளைச்சல்கள், இந்த உரைகல் இல்லாத காரணத்தினாலேயே நம்பத்தகாதனவாகின்றன. விளம்பரக்காரர் இதனை அறியாதவரல்லர்.

கணக்கின் அடிப்படை எளிது. ஒரு வட்டையில் துண்டுக்குத் துண்டு விளைச்சலின் நியம விலகல் ஏக்கருக்கு 20 புசல் என்று வைத்துக்கொள்வோம். நான்கு துண்டுகளை வெட்டிச் சராசரி கண்டால், அச்சராசரியின் வழு 20ஐ 4இன் வர்க்கமூலத்தாற் பிரித்து வரும் 10 புசல். நூறு துண்டுகளை வெட்டினால் அது 2 புசலாகக் குறைகின்றது. உழைப்பு இருபத்தைந்து மடங்கானது. வழு ஐந்தில் ஒரு பங்கானது. ஆகவே எத்தனை துண்டு வெட்டுவது என்பதை வயலின் மாறுபாடே தீர்மானிக்கின்றது. மாறுபாடே இல்லாத வயலில் ஒரு துண்டு போதும். மேலும், நூறு துண்டுகளையும் வக்கடைக்கு அருகிலேயே வெட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துப்போகும். எண்ணிக்கை பெரிதாயிருப்பதனால் வரும் மயக்கம் ஒற்றைத் துண்டின் மயக்கத்திலும் கொடியது.

இத்துறையை உலகறியச் செய்தவர் கல்கத்தாவின் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பௌதிகப் பேராசிரியராயிருந்து, 1931இல் இந்தியப் புள்ளிவிவரவியற் கழகத்தை நிறுவிய அவர், 1937 முதல் வங்காளத்தின் சணற் பயிரை மாதிரி முறையால் மதிப்பிட முற்பட்டார். அவ்வனுபவத்திற் கிடைத்த இரண்டு பாடங்கள் மிகவுஞ் சுவையானவை. மாதிரித் துண்டு மிகச் சிறிதாயிருப்பின் விளைச்சல் மெய்யானதிலும் கூடுதலாகவே வருகின்றது. காரணம், எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கவே வெட்டுபவனது கை விழைகின்றது. துண்டு சிறுக்கச் சிறுக்க, பரப்போடு ஒப்பிடுகையில் எல்லை நீள்கின்றது. டெல்லியிலிருந்து சுகாத்மே என்னும் அறிஞர் 1946இல் இவ்வழுவை வலியுறுத்தி எழுதினார். எந்த அளவான துண்டு தக்கது என்பதில் இரு சாராருக்கும் வாதம் நிகழ்ந்தது. சராசரி காண்பதால் இவ்வகை வழு நீங்காது. ஆயிரந் துண்டு வெட்டினும் எல்லாக் கைகளும் ஒரே பக்கமே சாயுமன்றோ? இரண்டாவது பாடம், அளக்கப்படும் வயலே அன்றி அளக்கும் மனிதனும் மாறுபடுகின்றான் என்பது. ஆகவே மகலனோபிஸ் ஒரே பிரதேசத்துக்கு இரண்டு குழுக்களை, ஒன்றையொன்று அறியாதவாறு, தனித்தனி எழுமாற்று மாதிரிகளோடு அனுப்பினார். இரு விடைகளும் நெருங்கினால் நம்பலாம். விலகினால் எங்கோ தவறு உண்டு. கிறீனிச்சில் ஒரு மனிதனின் வேலையைப் பறித்த மாறுபாடு, கல்கத்தாவில் ஆராய்ச்சியின் காவற்காரனாக அமர்த்தப்பட்டது. இலங்கையிலும் 1950களின் தொடக்கம் முதல் தொகைமதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களம் எழுமாற்று நெல்வெட்டு ஆய்வை நடாத்தி வருகின்றது. நமது வயல்களிலே கயிறு பிடித்து ஒரு துண்டை அளந்து வெட்டும் உத்தியோகத்தரைக் கண்டு, 'இத்தனை பெரிய வட்டைக்கு இத்துண்டு என்ன சாட்சி?' என்று நகைக்கும் முல்லைக்காரருக்குக் கூறத்தக்க விடை மேலே சொன்னதே.

வயலை விட்டு, அவ்வயலில் உழைக்கும் உடலுக்கு வருவோம். இங்கே மாறுபாடு இன்னும் ஆழமான பொருளைப் பெறுகின்றது.

உருசியப் புரட்சியின் பின்னர் மொஸ்கோவில் தொழில் மத்திய நிறுவனம் என்றொன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் மிகச் சிறந்த ஓர் அசைவைக் கண்டுபிடித்து, அதனை இலட்சக்கணக்கான தொழிலாளருக்கு அச்சுவார்த்தாற்போலக் கற்பித்தல் அதன் நோக்கம். 1922இல் அங்கே சேர்ந்தவர் நிக்கொலாய் பேண்ஸ்ரைன் என்னும் இளம் வைத்தியர். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் ஆகியவற்றிற் சிறு மின்குமிழ்களைப் பொருத்தி, சுழலும் மூடியினூடாக நிழற்படம் எடுத்தார். ஒளிப்புள்ளிகள் வரிசையாகப் பதிந்து ஒவ்வொரு மூட்டும் சென்ற பாதையைக் காட்டின. நாள் முழுவதும், ஆண்டுக்கணக்காக, ஒரே அடியை அடித்துப் பழகியவனது கை ஒவ்வொரு முறையும் ஒரே பாதையிற் செல்லும் என்பதே எதிர்பார்ப்பு. படங்கள் காட்டியது வேறு. சுத்தியலின் முனை ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து வீழ்ந்தது. தோளும் முழங்கையுமோ அடிக்கு அடி வெவ்வேறு வழிகளிற் சென்றன. மூட்டுகள் கூடுதலாகவும் சுத்தியல் குறைவாகவும் மாறுபட்டன.

இதன் கருத்து யாது? மூட்டுகளைச் சுத்தியலோடு தொடர்பற்ற பொறிகளாகக் கொண்டால், ஒவ்வொரு மூட்டின் சிதறலும் கூடி, முனையிலே மிகப் பெருஞ் சிதறலாக வெளிப்படவேண்டும். அங்ஙனம் நிகழாமையால், தோள் சற்றுக் கூடினால் முழங்கை சற்றுக் குறைகின்றது; முழங்கை பிந்தினால் மணிக்கட்டு முந்துகின்றது; ஒன்றன் பிழையை மற்றொன்று ஈடுசெய்கின்றது என்றே கொள்ளவேண்டும். நரம்பு மண்டலம் காப்பது அசைவை அன்று, அசைவின் பயனை. தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கைத் திருப்பத்தில் ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என நமது கைக்கு ஏழு சுயாதீன வழிகள் உண்டு. வெளியில் ஒரு புள்ளியைத் தொடுவதற்கோ மூன்று போதும். எஞ்சிய நான்கும் வீண் ஆடம்பரம் அல்ல. ஒரு குடத்தை இடுப்பில் ஏந்திய பெண் மறுகையால் படலையைத் திறப்பதும், தோள் களைத்த நெசவாளர் இருக்கையைச் சற்று மாற்றி அதே இழையை அதே இறுக்கத்தோடு அடிப்பதும் அவற்றினாலேயே கைகூடுகின்றன. மருதமுனைத் தறியொன்றின் அருகே அரைமணி நேரம் நின்று, துணியை நோக்காது நெசவாளரின் முழங்கையை மாத்திரம் நோக்குபவர் பேண்ஸ்ரைனின் படத்தைத் தாமே காணலாம்.

ஒரே அசைவைக் கண்டுபிடிக்கும்பொருட்டு அமைந்த நிறுவனத்திலிருந்து, ஒரே அசைவு என்பது இல்லை என்னும் முடிவு பிறந்தது. பேண்ஸ்ரைன் 1947இல் வெளியிட்ட நூலுக்கு அரச பரிசும் கிடைத்தது; அண்மையிலேயே பவ்லோவின் கொள்கைக்கு மாறானவர் என்ற கண்டனத்துக்கு ஆளாகி ஆய்வுகூடத்தையும் இழந்தார். அவர் 1966இல் மறைந்தார்; அடுத்த ஆண்டு அவரது கட்டுரைகள் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே பிற நாட்டார் அவரைப் பரவலாக அறிந்தனர். 1999இல் சோல்ஸ், ஷோனர் என்னும் இருவர் அவர் கருத்துக்குக் கணித வடிவம் தந்தனர். இருக்கையிலிருந்து எழுந்து நிற்பவரின் மூட்டு மாறுபாட்டை அவர்கள் இரண்டாகப் பகுத்தனர்: எழுதலின் பயனைக் கெடுக்காத பகுதி ஒன்று, கெடுக்கும் பகுதி மற்றொன்று. பிஷர் வயலிலே செய்த கூறுபாடு இங்கே உடலிலே செய்யப்பட்டது என்க. திறமை என்பது இரண்டாவது பகுதியைச் சுருக்குவதேயன்றி முதலாவதை ஒழிப்பதன்று.

கற்பித்தலுக்கு இதனால் வருவது என்ன என்று ஆசிரியர் கேட்பர். 1978இல் கெர், பூத் என்போர் எட்டு வயதுச் சிறுவரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். சிறு பைகளை இலக்கொன்றில் எறிதல் வேண்டும். ஒரு குழுவினர் மூன்றடித் தொலைவிலிருந்தே பழகினர். மற்றொரு குழுவினர் இரண்டடியிலும் நான்கடியிலும் மாறிமாறிப் பழகினர். மூன்றடியில் ஒருமுறையேனும் பழகவில்லை. இறுதியில் இரு குழுவினரையும் மூன்றடியிற் சோதித்தபொழுது, அங்கே பழகாதவரே மிகச் செம்மையாக எறிந்தனர். மாறுபட்ட பயிற்சி எறியும் அளவை நிர்ணயிக்கும் விதியையே கற்பித்தது; மாறாத பயிற்சி ஓர் எறியை மாத்திரம் கற்பித்தது. எல்லாத் திறனுக்கும் எல்லா வயதினருக்கும் இம்முடிவு ஒரே வலிமையோடு பொருந்தும் என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டவில்லை. முற்றிலும் புதிதாகக் கற்போருக்குத் தொடக்கத்திற் சிறிது ஒருமைப்பாடும் வேண்டியிருக்கின்றது. ஆயினும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஒரே அசைவை நூறு முறை செய்விக்கும் நமது வழக்கம் மீள்பரிசீலனைக்கு உரியதே.

நோயாளியின் உடலிலும் மாறுபாடு பேசுகின்றது. நலமான இதயம் மணிக்கூடு போல அடிப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சிறிது மாறிக்கொண்டே இருக்கும். மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரைத் தொடர்ந்து நோக்கி 1987இல் வெளியான ஆய்வொன்றில், இம்மாறுபாடு மிகக் குறைந்திருந்தோர் இறக்கும் அபாயம், மிகுந்திருந்தோரிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டதாயிருந்தது. நடையிலோ செய்தி வேறு. அடிக்கு அடி காலம் மிகவும் மாறுபடும் முதியவர் விழும் அபாயம் கூடியவர். இரு பாதங்களுக்கும் இடையிலான அகலத்தில், மிகுந்த மாறுபாடும் விழுதலோடு தொடர்புடையது, மிகக் குறைந்த மாறுபாடும் விழுதலோடு தொடர்புடையது. முந்தியது கட்டுப்பாட்டின் இழப்பு. பிந்தியது விறைப்பு எனலாம். ஆகவே மாறுபாடு நன்றோ தீதோ என்று பொதுவாக வினவுவதிற் பயனில்லை. எதனுடைய மாறுபாடு, எவ்வளவு, எதனைக் காப்பதற்கு என்றே வினவவேண்டும்.

இவையனைத்தும் ஒரே மனிதனது கையில் வந்து கூடிய வழக்கொன்று நம் நாட்டிலேயே உண்டு. கண்டியில் 1972இல் மலையகத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த முத்தையா முரளிதரன், பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கையை உடையவர். 1995 திசெம்பர் 26ஆந் திகதி மெல்பேண் மைதானத்தில், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் அவரது பந்தை ஏழு முறை முறையற்றதென அறிவித்தார். பந்து வீசாது எறிகின்றார் என்பதே குற்றச்சாட்டு. சில நாட்களின் பின் பிறிஸ்பேணில் வேறொரு நடுவரும் அவ்வாறே செய்தார்.

விதி கூறுவது, கை வளைந்திருத்தல் ஆகாது என்பதன்று; தோள்மட்டத்தை அடைந்த கை, பந்தை விடுமுன் முழங்கையில் நிமிர்தல் ஆகாது என்பது. வளைந்த கை வளைந்தபடியே வருமாயின் குற்றமில்லை. ஆனால் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும்? வளைந்த சுள்ளியொன்றை விளக்கின் முன்னே சுழற்றிச் சுவரிலே அதன் நிழலைப் பார்க்க. சுள்ளி மாறவில்லை, நிழல் மடங்குகின்றது, நிமிர்கின்றது. நடுவரின் கண்ணிலும் தொலைக்காட்சித் திரையிலும் வீழ்வது இத்தகைய நிழலே. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த சோதனைகள் இத்தோற்ற மயக்கத்தை எடுத்துக்காட்டின. மூட்டுகளிலே ஒளி தெறிக்கும் குறிகளை ஒட்டி, சுற்றிலும் பல அதிவேகப் படக்கருவிகளை நிறுத்தி, கையின் முப்பரிமாண இயக்கத்தைக் கணித்தல் இதற்குரிய முறை. மொஸ்கோவின் மின்குமிழ்கள் அடைந்த வளர்ச்சி இது.

வழக்கு அங்கே முடியவில்லை. 2004இல் அவர் வீசிய 'தூஸ்ரா' என்னும் பந்து மீண்டும் ஐயத்துக்குள்ளாயிற்று. பேர்த் நகரச் சோதனையில் முழங்கை 14 பாகை நிமிர்ந்ததாகக் கண்டனர். திருத்தப் பயிற்சியின் பின் அது 10.2 பாகையானது. அன்று சுழற்பந்து வீச்சாளருக்கு வைத்திருந்த எல்லை 5 பாகை. மித வேகத்தாருக்கு 7.5, விரைவானவருக்கு 10. இவ்வெல்லைகள் எங்கிருந்து வந்தன? பந்து வீசுவோர் பலரை அளந்து வந்தவையல்ல. தூய வீச்சில் முழங்கை அசையாது என்ற நம்பிக்கையிலிருந்து, இரக்கத்தோடு சிறிது விலகி வைத்த எண்களே அவை. 2004 செப்டெம்பரில் இங்கிலாந்தில் நடந்த சம்பியன்ஸ் கிண்ணப் போட்டியின் வீச்சாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபொழுது, ஏறத்தாழ அனைவரும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்னும்படி, முழங்கையை ஓரளவு நிமிர்த்துகின்றனர் என்பது தெரிந்தது. எவரும் ஐயுறாத வீச்சாளரும் அதனுள் அடங்குவர். பூச்சியப் பாகை என்னும் தூய வீச்சு மனித உடலில் இல்லை. 2005 மார்ச்சு முதல் எல்லா வகையினருக்கும் 15 பாகை எல்லையாயிற்று. அதற்குட்பட்ட நிமிர்வைக் கண்ணாற் பிரித்தறிதல் அரிது என்பதும் ஒரு காரணம்.

'ஒருவருக்காக விதியை வளைத்தனர்' என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அளந்து பார்த்தபொழுது பழைய விதியின்படி அநேகமாக எல்லோருமே எறிபவர் என்ற உண்மையை அவர்கள் எங்கே வைப்பர் என்பது விளங்கவில்லை. கின்னெபுறூக்குக்குப் பெசெல் வந்தது காலங்கடந்து. முரளிதரனுக்கு ஆய்வு வந்தபொழுது அவர் ஆடிக்கொண்டிருந்தார். 2010 யூலையில் காலியில், தமது கடைசி ரெஸ்ற் போட்டியின் கடைசிப் பந்தில், எண்ணூறாவது ரெஸ்ற் விக்கெற்றைப் பெற்று அவ்வகை ஆட்டத்தினின்று ஓய்ந்தார்.

அளவுகோலின் மாறுபாடு மாத்திரம் இன்னும் எஞ்சி நிற்கின்றது. தோலில் ஒட்டிய குறி எலும்போடு சரியாக அசைவதில்லை. பந்து கையை விடும் கணத்தை எப்படத்திற் கொள்வது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இத்தகைய முறைகள் பற்றிய பிணக்கினால் 2014இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகம் கிறிக்கெற் சபைக்கான சோதனைப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. சோதனைகள் வேறு நாடுகளின் நிலையங்களில் தொடர்ந்தன. அவ்வாண்டு எம்மவரான சசித்திர சேனநாயக்க யூலையில் இடைநிறுத்தப்பட்டு, வீச்சைத் திருத்திக்கொண்டு திசெம்பரில் மீண்டார். ஒரே கையை இரண்டு நிலையங்கள், ஒன்றன் விடையை மற்றொன்று அறியாதவாறு, தனித்தனியே அளந்தால் எத்தனை பாகை வேறுபடும் என்பது, 15 என்னும் எல்லைக்கு அருகே நிற்கும் இளைஞனுக்கு அவனது வாழ்க்கைத் தொழிலைப் பற்றிய வினா. மகலனோபிஸ் சணல் வயலுக்கு இரண்டு குழுக்களை அனுப்பியதும் இவ்வினாவைக் கேட்பதற்கே.